ரகசியம் காப்போம் என்று சொன்ன ஆய்வில் போக்சோ சிக்கல்

தர்மபுரி மாவட்டக் கிராமம் ஒன்றில் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) படிப்புக்காகக் களஆய்வு செய்கிறேன். போன வாரப் பேட்டியில் 17 வயதுப் பெண் ஒருத்தி, தனக்குத் திருமணமாகி இப்போது கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள். "வெளியே தெரிஞ்சா அவரை ஜெயில்ல போட்டுடுவாங்க அக்கா" என்று பயப்படுகிறாள். எங்கள் ஒப்புதல் படிவத்தில் 'நீங்கள் சொல்வது வெளியே போகாது' என்றுதான் இருக்கிறது, விதிவிலக்கே இல்லை. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தகவல் தந்தாக வேண்டும். தராவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை.

வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பேட்டியை நீக்கிவிடச் சொன்னார். நீக்கினால் என் ஆய்வேடு தப்பிக்கும், அவள் நிலை மாறாது. நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன், பதில் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098இல் பொதுவாக விசாரித்தேன். விவரம் கொடுங்கள் என்றார்கள். போலீஸுக்குப் பயந்து அவள் செக்கப்புக்குப் போவதையே நிறுத்திவிடுவாளோ என்பதுதான் என் கவலை.

தகவல் தரத்தான் போகிறேன். அதற்கு முன் அவளிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? களத்தில் செய்தவர்கள் சொல்லுங்கள்.