ரெயிட் 5 மீளக் கட்டும்போது இரண்டாவது வன்தட்டும் விலகிவிட்டது: தரவை இழக்காமல் மீட்க வழி உண்டா?

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து)

வணக்கம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் விவசாயிகளின் அமைப்பொன்றில் சேவையகத்தையும் சேமிப்பகத்தையும் நான் ஒருவனே பராமரித்து வருகிறேன். உபுண்டு இயங்குதளத்தில், தலா 4 டெராபைட் கொண்ட நான்கு வன்தட்டுகளை லினக்ஸின் மென்பொருள் ரெயிட் 5 ஆக (பல தட்டுகளை ஒரே தொகுதியாக்கி, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் முறை) அமைத்திருந்தோம். அவை சாதாரண மேசைக் கணினி வகைத் தட்டுகள்.

வியாழன் மாலை இடி மின்னலோடு மின்சாரம் நின்றது. யூபிஎஸ் நான்கு நிமிடம்கூடத் தாங்கவில்லை. காவலாளி ஓடிவந்து மின்பிறப்பாக்கியை இயக்குவதற்குள் சேவையகம் அணைந்துவிட்டது. மீண்டும் இயங்கி ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாம் தட்டு தொகுதியிலிருந்து விலக்கப்பட்டது. இரண்டு நாள் மீதி மூன்று தட்டுகளோடே வேலை நடந்தது. சனிக்கிழமை புதிய தட்டைப் பொருத்தி மீளக் கட்டத் தொடங்கினேன். 61 வீதத்தில் இரண்டாம் தட்டும் விலகி, தொகுதி முழுவதும் நின்றுவிட்டது.

காப்புப் பிரதி இருக்கிறது, ஆனால் அது 23 நாள் பழையது. மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கான பதிவுகள் முழுவதும் இந்த 23 நாளுக்குள்தான் ஏற்றப்பட்டன. அதைவிட, 2009 இல் இடம்பெயர்ந்தபோது மூலப் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் எங்கெங்கோ தேடி எடுத்துவந்த காணி அனுமதிப்பத்திரப் பிரதிகளை இந்த மாதம்தான் ஸ்கேன் செய்தோம். அந்த மக்களிடம் போய் "இன்னொரு தடவை கொண்டுவாருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேவையகத்தை அணைத்து வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (மன்னாரிலிருந்து)

எனக்கும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. அதே நான்கு இடங்களையும் வைத்து, தட்டுகள் சுத்தமானவை என்று கருதும்படி சொல்லி, தொகுதியைப் புதிதாக உருவாக்கினேன். பிறகு கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எப்எஸ்சிகே கட்டளையை ஓடவிட்டதும் கோப்புகள் திரும்பக் கிடைத்தன.

பதில் (வவுனியாவிலிருந்து)

மன்னார் நண்பருக்கு அது பலித்தது நல்ல காலம். ஆனால் தம்பி, தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். ரெயிட் தொகுதியை அமைக்கும் எம்டிஏடிஎம் கருவியின் வெவ்வேறு பதிப்புகள் தரவு தொடங்கும் இடத்தையும், ஒரு தட்டில் ஒரே தடவையில் தொடர்ந்து வைக்கப்படும் துண்டின் அளவையும் வெவ்வேறாக எடுத்துக்கொள்கின்றன. தட்டுகளின் வரிசை ஒன்று மாறினாலும் போதும், பழைய தலைப்புத் தகவல் அழிந்து, எப்எஸ்சிகே நல்ல தரவின் மேலேயே "திருத்தம்" எழுதிவிடும். அதற்குப் பிறகு எவராலும் உதவ முடியாது.

அணைத்து வைத்தது மிகச் சரியான முடிவு. இனி, தொகுதி தானாக இணையாதபடி ஒரு யூஎஸ்பி லினக்ஸில் தொடங்கி, எதையும் எழுதாமல் சில விபரங்களை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டின் தலைப்பிலும் உள்ள நிகழ்வு எண் (தொகுதியின் நிலை மாறும்போதெல்லாம் கூடும் எண்) என்ன? தட்டு தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில், வாசிக்க முடியாமல் நிலுவையிலுள்ள செக்டர்களும் (தட்டின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதிகள்) இடம் மாற்றப்பட்ட செக்டர்களும் எத்தனை? வியாழன் மாலை, இயங்குதளத்தின் மையமான கேர்னலின் பதிவில் மூன்றாம் தட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? பிழை மீட்பு நேர வரம்பு, அதாவது எஸ்சிடி இஆர்சி, இயங்குநிலையில் உள்ளதா?

கேட்டவர்

உடனே பதில் எழுதியதற்கு மிக்க நன்றி அண்ணா. முதலாம், நான்காம் தட்டுகளின் நிகழ்வு எண் 48217. இரண்டாம் தட்டில் 48213. மூன்றாம் தட்டில் 47906. இரண்டாம் தட்டில் நிலுவைச் செக்டர் 8. இடம் மாற்றப்பட்டது எதுவும் இல்லை. மூன்றாம் தட்டில் இரண்டுமே பூச்சியம். கேர்னல் பதிவில் மூன்றாம் தட்டு 30 விநாடி பதில் தராததால் இணைப்பு மீளமைக்கப்பட்டதாகவும், பின்னர் எழுத முடியாமல் போனதாகவும் இருக்கிறது. இஆர்சி நான்கிலுமே முடக்கப்பட்டிருக்கிறது. இது எனக்குப் புரியவில்லை. சேவையகத்தை நிறுவிய நாளில் என் கையாலேயே அதை 7 விநாடிக்கு அமைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

பதில் (வவுனியாவிலிருந்து)

உங்கள் நினைவு சரிதான், அண்மைக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. பல தட்டுகளில் அந்த அமைப்பு மின்சாரம் போனதும் அழிந்துவிடும். மேசைக் கணினித் தட்டு ஒரு செக்டரை வாசிக்கத் திணறினால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூடத் தனக்குள்ளேயே முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கேர்னலோ இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். அந்த நேரம் கடந்ததும் இணைப்பை மீளமைத்து, தொகுதியின் மற்றத் தட்டுகளிலிருந்து கணித்த தரவை அதே இடத்தில் எழுதப் பார்க்கும். திணறிக்கொண்டிருக்கும் தட்டு அதற்கும் பதில் தராது. எழுத முடியாத தட்டை ரெயிட் விலக்கிவிடும். ஆகவே உங்கள் மூன்றாம் தட்டு செத்த தட்டு அல்ல என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் தட்டின் கதை வேறு. நிலுவை 8 என்பது 512 பைட்டுக் கணக்கில் எட்டு. இந்தக் காலத்துத் தட்டுகளில் அது பெரும்பாலும் 4096 பைட்டுக் கொண்ட ஒரேயொரு உண்மையான செக்டர். மூன்றாம் தட்டு உள்ளே இருந்திருந்தால் ரெயிட் அதைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கும். மூன்று தட்டுகளோடு மீளக் கட்டும்போது திருத்த வழியில்லாமல் போயிற்று.

இரண்டாம் தட்டின் நிகழ்வு எண் மற்றவற்றைவிட நான்கு மட்டுமே குறைவாக இருப்பது நல்ல செய்தி. விலை பார்க்காமல் இன்னொரு தட்டை வாங்கி, பழுதான தட்டிலிருந்து தரவை எடுக்கும் டிடிரெஸ்கியூ கருவி மூலம் இரண்டாம் தட்டை முழுமையாகப் பிரதி எடுங்கள். முதலில் எளிதாக வாசிக்கக்கூடியதை எல்லாம் எடுத்து, பிறகு கெட்ட இடத்தை மூன்று தடவை முயலச் சொல்லுங்கள். எந்த இடம் வாசிக்கப்பட்டது, எது இல்லை என்று குறிக்கும் அதன் வரைபடக் கோப்பைக் கட்டாயம் சேமியுங்கள். வாசிக்க முடியாத இடத்தில், அதன் நிரப்பு முறையைப் பயன்படுத்தி, எந்தக் கோப்பிலும் இயல்பாக வர முடியாத ஒரு சொற்றொடரை எழுதிவிடுங்கள். பின்னால் தேட உதவும். அதன் பிறகு முதலாம் தட்டு, இரண்டாம் தட்டின் பிரதி, நான்காம் தட்டு ஆகிய மூன்றின் மேலும் ஓவர்லே (எழுதுவதை எல்லாம் வேறிடத்தில் சேர்க்கும் மேலடுக்கு) போட்டு, அந்த ஓவர்லேக்களை மட்டும் வைத்துக் கட்டாயப்படுத்தி இணையுங்கள். அப்போது கோப்பு முறைமை, முடியாமல் நின்ற மாற்றங்களைப் பதிந்திருக்கும் தன் ஜர்னலை ஓட்டினாலும் அடியிலுள்ள தட்டுகளில் ஒரு பிட்டும் மாறாது.

கேட்டவர்

தட்டு கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தது. பிரதி எடுக்க ஒன்பது மணி நேரம் எடுத்தது. வாசிக்க முடியாமல் எஞ்சியது சரியாக 4096 பைட்டு. தொகுதி இணைந்தது, கோப்புகள் எல்லாம் தெரிகின்றன! இப்போது வேறொரு சேமிப்பகத்துக்குப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். அனுமதிப்பத்திரக் கோப்புறையைத் திறந்து முதற்பக்கத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

பதில் (வவுனியாவிலிருந்து)

மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் தட்டு இல்லாமல் இணைத்திருப்பதால், அந்தக் கெட்ட செக்டர் இருக்கும் பட்டையில் (எல்லாத் தட்டுகளிலும் ஒரே வரிசையிலுள்ள துண்டுகளின் தொகுப்பில்) மூன்றாம் தட்டுக்குரிய 4096 பைட்டும் தவறாகவே கணிக்கப்படும். நீங்கள் எழுதிய சொற்றொடர் முதல் இடத்தைத்தான் காட்டும். இரண்டாவது வெறும் குப்பையாக இருக்கும், தேடிக் கிடைக்காது. ஆகவே பழைய காப்புப் பிரதியோடு கோப்புகளைப் படியெடுக்கும் ஆர்சிங் கருவியின் செக்சம் முறையில் (உள்ளடக்கத்தைக் கணித்து ஒப்பிடும் முறை), எதையும் எழுதாத ஒத்திகை ஓட்டமாக, ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்திய திகதி மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறிய கோப்பு எதுவோ, அதுதான் பாதிக்கப்பட்டது.

கேட்டவர்

நீங்கள் சொன்னபடியே இருந்தது. பழைய வயல் வரைபடமொன்றின் ஸ்கேன் கோப்பு மட்டும் மாறியிருந்தது. அதற்குள் ஓரிடத்தில் நான் எழுதிய சொற்றொடர். அதிலிருந்து சரியாக 512 கிலோபைட் தள்ளி 4096 பைட்டுக் குப்பை. எங்கள் தொகுதியின் துண்டு அளவும் 512 கிலோபைட்தான். இரண்டு இடங்களும் ஒரே கோப்புக்குள் அகப்பட்டதால் வேறெங்கும் பாதிப்பில்லை என்று உறுதியாயிற்று. அந்தக் கோப்பைக் காப்புப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தொகுதி முழுவதையும் வாசித்துப் பார்க்கும் மாதாந்தச் சரிபார்ப்பு ஓடியிருந்தால் அந்தக் கெட்ட செக்டர் முன்பே அகப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அதை நான் முடக்கவே இல்லை.

பதில் (வவுனியாவிலிருந்து)

உபுண்டுவின் பல பதிப்புகளில் அந்தச் சரிபார்ப்பு மாதத்தின் முதல் ஞாயிறன்றுதான் ஓடும். வார இறுதியில் சேவையகத்தை அணைத்து வைப்பீர்களா?

கேட்டவர்

ஆம். மின்பிறப்பாக்கியின் டீசலை மிச்சப்படுத்தச் சனி மதியம் அணைத்து, திங்கள் காலையில்தான் இயக்குவோம். அப்படியென்றால் ஒரு தடவைகூட ஓடியிருக்காது.

பதில் (வவுனியாவிலிருந்து)

அதனால்தான் அந்தச் செக்டர் இவ்வளவு காலம் மறைந்திருந்தது. எங்கள் பக்கத்து அலுவலகங்கள் பலவற்றில் இந்த வழக்கம் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். சரிபார்ப்பை வார நாளுக்கு மாற்றுங்கள். இஆர்சி 7 விநாடி அமைப்பை ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாக இடும்படி யூடெவ் விதியாக (லினக்ஸ் ஒரு சாதனத்தைக் கண்டதும் தானாக ஓட்டும் விதி) எழுதுங்கள். அதை ஏற்காத தட்டு இருந்தால் அதற்குக் கேர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துங்கள். புதிய தொகுதியை ரெயிட் 6 ஆகக் கட்டுங்கள். நான்கு தட்டில் 12 டெராபைட்டுக்குப் பதில் 8 தான் கிடைக்கும், ஆனால் மீளக் கட்டும்போது இன்னொரு தட்டு பழுதானாலும் தாங்கும். யூபிஎஸ் பற்றரியையும் மாற்ற வேண்டும். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரையின் கீழ் அது எத்தனை வருடம் இருந்தது என்று பாருங்கள். பற்றரி குறைந்ததும் சேவையகம் தானாக ஒழுங்காக அணையும்படி யூபிஎஸ்ஸை யூஎஸ்பியில் இணைத்துவிடுங்கள்.

கேட்டவர்

ரெயிட் 6 கட்டி, தரவு முழுவதையும் ஏற்றிவிட்டோம். யூடெவ் விதியைச் சோதிக்க மின் இணைப்பைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். நான்கு தட்டிலும் 7 விநாடி நிற்கிறது. பற்றரிக்குச் சொல்லியிருக்கிறோம். சரிபார்ப்பைப் புதன் மாலை ஆறு மணிக்கு மாற்றினேன். முதலாவது ஓட்டம் வியாழன் அதிகாலையில் முடிந்தது. பொருந்தாத இடங்கள் 0 என்று பதிவாகியிருக்கிறது.