பூண்டு சீக்கிரம் உரிக்க என்ன வழி?

கேள்வி:
ஒரே நேரத்தில் நாலைந்து முழுப் பூண்டு உரிக்க வேண்டியிருக்கிறது. நகக்கண் எரிகிறது, தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது. பல் நசுங்கவும் கூடாது. என்ன செய்யலாம்?

பதில் 1:
பல்லைப் பிரித்து வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தோல் ஊறித் தளர்ந்துவிடும். அடிப்பக்கக் கட்டையை வெட்டிவிட்டு அங்கிருந்து இழுத்தால் முழுசாக வரும். நகத்துக்கு வேலையே இல்லை.

பதில் 2:
அவசரமென்றால் மைக்ரோவேவில் 15 முதல் 20 நொடி. அதற்கு மேல் வைத்தால் பூண்டு வெந்துவிடும்.

பதில் 3:
மூடி போட்ட டப்பாவில் போட்டுக் குலுக்கச் சொல்வார்கள், அது நன்றாகக் காய்ந்த பூண்டுக்குத்தான் சரிவரும், புதுப் பூண்டில் தோல் ஈரமாக ஒட்டியிருப்பதால் கை வலிதான் மிச்சம். நசுங்கினாலும் பரவாயில்லை என்றால் கத்தியைப் படுக்க வைத்து ஒரு அழுத்து, தோல் தனியாக வந்துவிடும். நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற வேதிப்பொருள் உருவாகி அந்தக் காரமும் நெடியும் வருகிறது.

கேள்வி கேட்டவர்:
ஊற வைப்பதே எனக்குச் சரி. அப்புறம், மொத்தமாக உரித்து எண்ணெயில் போட்டு வெளியே வைக்கலாமா?

பதில் 3:
வேண்டவே வேண்டாம். எண்ணெய்க்குள் காற்று போகாது, அந்த நிலையில் பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம், நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெயில் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதிக நாளுக்கு வேண்டுமென்றால் ஈரம் துடைத்து ஃபிரீசரில் போடுங்கள்.