புதுப்பிப்பு: காலர் மைக் இரைச்சல், எல்இடி கோடுகள் இரண்டும் தீர்ந்தன

வழி சொன்ன எல்லாருக்கும் மிக்க நன்றி. கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சமையல் காணொளி எடுக்கும்போது, கேமராவில் செருகிய காலர் மைக்கில் குரல் மெலிந்து ஒரே இரைச்சல்; படத்தில் நகரும் கருங்கோடுகள்.

மைக்கில் பழுதில்லை. “பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. மூன்று வளையம் என்றால் டிஆர்ஆர்எஸ், கைப்பேசிக்கானது. கேமராவுக்கு இரண்டு வளையமுள்ள டிஆர்எஸ் வேண்டும். அடாப்டர் வாங்கும்போது திசையைக் கவனியுங்கள்: டிஆர்ஆர்எஸ் மைக்கை டிஆர்எஸ் கேமராவில் செருக ரோடு (Rode) நிறுவனத்தின் எஸ்சி3 சரி, எஸ்சி4 நேர்மாறானது. பிறகு கேமராவின் ஆட்டோ லெவலை (ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைப்பது) அணைத்து, உரக்கப் பேசினால் அளவுகாட்டி -12 டெசிபெல் தொடும்படி வைத்ததில் மிச்ச இரைச்சலும் அடங்கியது.

கோடுகளுக்குக் காரணம் ஷட்டர் வேகம். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 1/60 நொடி ஷட்டர் அதோடு ஒத்துப்போகாது. கேமராவை பிஏஎல் முறைக்கு (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான காணொளி அமைப்பு) மாற்றி நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்ததும் கோடுகள் போய்விட்டன.

எதிர்பாராதவை இரண்டு. முறையை மாற்றியதும் கேமரா மெமரி கார்டை ஃபார்மட் செய்யச் சொன்னது. முதலில் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். விளக்கின் டிம்மரைக் குறைத்தால் கோடுகள் திரும்ப வந்தன. அதனால் முழு வெளிச்சத்தில் வைத்து, அரை மீட்டர் முன்னால் வெள்ளைக் குளியலறைத் திரையைத் தொங்கவிட்டாயிற்று. முகத்தில் நிழல் மென்மையாக விழுகிறது. புது விளக்கு தேவைப்படவில்லை.