மறு: ‘பல்க் ஹேண்ட்லிங்’ – ‘மொத்தக் கையாளல்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியக் கிழக்கு மாநிலங்களின் கோதுமை ரயில் பற்றிய கட்டுரையில் ‘பல்க் ஹேண்ட்லிங்’ (தானியத்தைச் சாக்கில் கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றி இறக்குவது) வருமிடங்களில் ‘மொத்தக் கையாளல்’ போடலாம் என்று நேற்று குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘மொத்தம்’ என்றதும் கோயம்பேட்டு மொத்த வியாபாரம்தான் கண்ணில் வருகிறது. இங்கே பேச்சு எவ்வளவு என்பதைப் பற்றியதல்ல, சாக்கில் கட்டியதா இல்லையா என்பதைப் பற்றியது.

முதல் உலகப் போர்க்காலம் வரை அங்கே கோதுமை மூட்டையாகத்தான் போயிற்று. மூன்று புஷல் மூட்டை ஒன்று 80 கிலோவுக்கு மேல். சணல் சாக்கு கல்கத்தாவிலிருந்து கப்பலில் வரும். போரில் கப்பல் கிடைக்காமல் மூட்டைகள் மலைமலையாகத் தேங்கின. 1917இல் எலிகள் பெருகி அவற்றைக் குதறித் தள்ளின. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1918இல் பீக் ஹில் என்ற ஊரில் கான்கிரீட் ‘சைலோ’ (தானியம் சேமிக்கும் கோபுரம்) கட்டிச் சாக்கை விடத் தொடங்கியது. விக்டோரியா நிதானம், 1934இல்தான் சட்டம் போட்டது. அப்புறம் ஜீலாங்கில் துறைமுக முனையம் வந்தது.

ஆக, மாறியது சாக்குதான். பூக்கடையில் கட்டிய பூ, உதிரிப்பூ என்கிறோமே, அதே வேறுபாடு. எனவே ‘உதிரித் தானியம்’, ‘உதிரிக் கையாளல்’ என்பது என் பரிந்துரை. உதிரி பாகத்தோடு குழம்பும் என்பீர்கள். ‘பாகம்’ சேர்ந்தால்தானே அந்தப் பொருள்?

‘ஹாப்பர் வேகனு’க்கு (அடிவழியாகத் தானியத்தைக் கொட்டும் ரயில் பெட்டி) ஒருவர் ‘குதிர் வண்டி’ என்றார். அச்சில் பார்த்தால் பாதிப்பேர் குதிரை வண்டி என்றே படிப்பார்கள்! ‘குதிர்’ என்ற சொல்லைச் சைலோவுக்கு வைத்துக்கொள்வோம், ரயிலடியில் நெட்டையாக நிற்பது அதுதான். வேகனுக்கு ‘மடை வேகன்’. சரிந்த தளம், அடியில் கதவு. குழிக்கு மேல் நிறுத்தித் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாய்வதுபோலத் தானியம் இறங்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விக்டோரியாவில் நெடுங்காலம் நான்கு சக்கரத் திறந்த வேகன்களில் தார்ப்பாய் போர்த்தித்தான் உதிரிக் கோதுமை போனது. அவை மடை வேகன்கள் அல்ல.

‘பிரேக் ஆஃப் கேஜ்’ (ஓர் அகலத் தண்டவாளம் முடிந்து வேறு அகலம் தொடங்குமிடம்) என்பதற்குச் சொல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்நாளில் தண்டவாள அகலம் விக்டோரியாவில் 1600 மி.மீ., நியூ சவுத் வேல்ஸில் 1435, குயின்ஸ்லாந்தில் 1067. விக்டோரியாவின் அகலப் பாதை மாநில எல்லையைத் தாண்டி நியூ சவுத் வேல்ஸின் டெனிலிக்வின் வரை போனதால் அந்தப் பக்கத்துத் தானியம் விக்டோரியத் துறைமுகங்களுக்கு இறங்கியது. ‘தடமாற்றம்’ என்றால் ரயில் தடம் புரண்டதென்று படிப்பார்கள். யாரிடமாவது சொல் இருக்கிறதா?

---

மறுமொழி:

வணக்கம் ஐயா. ‘மடை வேகன்’ நன்று. நம் ஊரில் ரேஷன் அரிசி இன்றும் மூட்டையாகவே மூடிய வேகனில் போவதால் இந்தச் சொல்லுக்குத் தேவை வரவில்லை போலும்.

‘உதிரிக் கையாளல்’ மட்டும் இடறுகிறது. ‘உதிரியாக ஏற்றுதல்’, ‘உதிரியாக இறக்குதல்’ என்று வினையாகவே விட்டால் என்ன? லோடுமேனுக்கும் புரியும்.

கடைசிக் கேள்விக்கு: மீட்டர் கேஜ், பிராட் கேஜ் பார்த்த ஊர் இது, ‘கேஜ்’ தெரியாதவர் யார்? ‘கேஜ் மாறுமிடம்’ என்றே போடுங்கள்.