கொலேஜ் அமெரிக்கன் புட்போலில பழைய ஒஃபென்சிவ் லைன் திரும்பி வாறது அவ்வளவு பெரிய விசயமோ?

கொக்குவில்_பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். பெரியம்மான்ர மகன் மிச்சிகன்ல இருக்கிறார், அவரால எனக்கும் கொலேஜ் புட்போல் பைத்தியம் பிடிச்சிட்டுது, அங்க மத்தியானம் 12 மணி மட்ச் எண்டா எங்களுக்கு சனி இரவு ஒன்பதரை, விடாமல் பாக்கிறனான். பந்தை எறியிற குவாட்டர்பாக், பிடிக்கிற ரிசீவர் எல்லாம் விளங்குது. ஆனா சீசன் தொடங்க முதல் ஆர் கதைச்சாலும் "அவங்கட ஒஃபென்சிவ் லைன்ல நாலு பேர் திரும்பி வாறாங்கள், அந்த ரீமைக் கவனியுங்கோ" எண்டுதான் தொடங்கினம். நடுவில நிக்கிற சென்ரர் பின்னால பந்தைக் குடுக்கிறதை விட்டா முன்வரிசையில நிக்கிற அந்த அஞ்சு பேரும் பந்தைத் தொடுறதே இல்லையெண்டு சொல்லலாம். நல்ல உடம்பும் பலமும் இருக்கிற புதுப் பெடியனை விட்டா காணாதோ? ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

வடமராட்சியான்:
தம்பி, நான் கண்டியில படிக்கேக்க ரக்பியில முன்வரிசையில நிண்டனான், அதால இந்த விசயம் எனக்கு மனசுக்கு கிட்ட. ரக்பியில பந்து இல்லாதவனை மறிச்சா பெனல்ட்டி. இங்க அந்த மறிக்கிறதுதான் அஞ்சு பேரின்ர முழு வேலையும்.

பலம் மட்டும் ஏன் காணாது எண்டா, எதிர்ப்பக்கம் நிக்கிறவன் நிண்ட இடத்தால நேர வரமாட்டான். ரெண்டு பேர் குறுக்க மறுக்க இடம் மாறி ஓடுவினம், அதை ஸ்ரண்ட் எண்டு சொல்லுவினம். அந்த நேரம் காட்டும் (சென்ரருக்குப் பக்கத்தில நிக்கிறவர்) ராக்கிளும் (லைன்ர ஓரத்தில நிக்கிறவர்) தங்கட ஆளை மற்றவரிட்ட ஒப்படைச்சிட்டு வாறவனைப் பிடிக்கவேணும், ஒராள் "என்ர ஆளை விடமாட்டன்" எண்டு பின்னால ஓடினா மற்றவன் ஒருத்தரும் தொடாமல் நேர குவாட்டர்பாக்குக்கு மேல போய் விழுவான். இதெல்லாம் ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள, கதைக்க நேரமில்லை, பக்கத்தில நிக்கிறவன் என்ன செய்வான் எண்டு முதலே தெரிஞ்சிருக்கவேணும்.

வெளி மைதானத்தில இன்னும் கஷ்டம். மிச்சிகன் மைதானத்தில 1,07,601 பேருக்கு இடம் இருக்கு, அந்தச் சத்தத்தில குவாட்டர்பாக் கத்துறது ஒண்டும் கேக்காது. காட் திரும்பிப் பாத்து சென்ரரைத் தட்டுவான், அதில இருந்து மனசுக்குள்ள எண்ணித்தான் எல்லாரும் எழும்பவேணும். ஒராள் முந்தி அசைஞ்சா 5 யார் தூரம் தண்டனையாப் போச்சு. அடிபட்டுப் போற புதுப் பெடியன் பயத்தில சேட்டைப் பிடிச்சு இழுத்தா 10 யார்.

அரியாலை_அபி:
அண்ணை சொன்னதோட உடம்பு விசயத்தையும் சேக்கவேணும். 18 வயசில ஸ்கூலால வாறவன் 130, 135 கிலோ நிறை வச்சிருந்தாலும் முன்னால நிக்கிறவன் 22 வயசு ஆம்பிளை. அதாலதான் கன லைன் பெடியளை முதல் வருசம் விளையாட விடாமல் ரெட்சேட் எண்டு வச்சு ஜிம்மில வளக்கிறவை. அஞ்சு வருசத்தில நாலு சீசன் விளையாடலாம் எண்ட விதி இவங்களுக்குத்தான் கூட உதவினது எண்டு நினைக்கிறன்.

உங்கட மிச்சிகனையே பாருங்கோ. நாட்டிலேயே சிறந்த லைனுக்கு 2015ல இருந்து ஜோ மூர் விருது குடுக்கினம், தனி ஆளுக்கில்லை, முழு லைனுக்கும். 2021, 2022 ரெண்டு வருசமும் அது மிச்சிகனுக்கு. அதில ரெண்டு காட்டும், ஸக் சின்ரரும் ட்ரெவர் கீகனும், 2023க்குத் திரும்பி வந்தவை. அந்த வருசம் நவம்பர் 11ல பென் ஸ்ரேற் மைதானத்தில, முதல் நாள்தான் தலைமைக் கோச்சுக்குத் தடை வந்து, லைன் கோச்சாவும் இருந்த ஷெரோன் மூர் பொறுப்பெடுத்த மட்ச், கடைசி 32 பிளேயும் பந்தை எறியாமல் தொடர்ந்து ஓட்டம்தான், 24-15 எண்டு வெண்டவை. என்ன வரப்போகுது எண்டு அரங்கத்துக்கே தெரியும், எண்டாலும் தடுக்க முடியேல்லை. ரெண்டு கிழமையால ஒஹாயோ ஸ்ரேற்றோட நடந்த மட்ச்சில சின்ரருக்குக் கால் உடைஞ்சுது. ராக்கிளில நிண்ட பார்ன்ஹார்ட் காட்டுக்கு மாறினார், வெளியில இருந்த ட்ரென்ரே ஜோன்ஸ் ராக்கிளுக்கு வந்தார், ரெண்டு பேரும் 2019ல இருந்து அங்கயே இருந்தவை. அடுத்த பிளேயிலயே பந்தோட ஓடுற கோரம் 22 யார் ஓடி ரச்டவுன். அதைப் பாத்து நான் அழுதிட்டன்.

நெல்லியடி_ரசிகன்:
எல்லாம் சரி, ஆனா "எத்தினை பேர் திரும்பி வருகினம்" எண்ட கணக்கை மட்டும் பிடிச்சுத் தொங்கக்கூடாது. ஒக்லஹோமா 2018ல ஜோ மூர் விருது எடுத்தது, அதில நாலு பேரை அடுத்த ட்ராஃப்டில (ஆள் தெரிவில) தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கொண்டு போட்டுது, மிச்சம் சென்ரர் கிரீட் ஹம்ஃப்ரி மட்டும்தான். எண்டாலும் 2019ல சாம்பியன் ஆரெண்டு தீர்மானிக்கிற பிளேஓஃப்புக்குப் போச்சினம். ஏனெண்டா கட்டளை குடுக்கிற சென்ரர் இருந்தவர், 2013ல இருந்து அதே லைன் கோச் பெடன்போவும் இருந்தவர்.

இப்ப வேற யுனிவேர்சிற்றிக்கு மாற உதவுற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலும் இருக்கு. மிச்சிகன்ர 2022 சென்ரர் ஒலுவதிமி வர்ஜீனியாவில விளையாடிப்போட்டு வந்தவர், வந்த வருசமே லைன்ல உள்ளுக்க நிக்கிறவைக்கான அவுட்லண்ட், சிறந்த சென்ரருக்கான ரிமிங்டன் ரெண்டு விருதும் எடுத்தவர். அனுபவம் வேற யுனிவேர்சிற்றியில இருந்தும் வரலாம் தானே. அதோட போன வருசம் அடி வாங்கின லைன் அப்பிடியே அஞ்சு பேரோட திரும்பி வந்தா அது நல்ல செய்தி எண்டு நான் எடுக்கமாட்டன். 2023ல விருது எடுத்த வொஷிங்டனும் கடைசி மட்ச்சில மிச்சிகனிட்ட 34-13க்குத் தோத்தது, நல்ல லைன் இருந்தாலும் எதிரில இன்னும் நல்ல டிஃபென்ஸ் நிக்கலாம்.

கொக்குவில்_பெடியன்:
கன நன்றி, இப்பதான் வடிவா விளங்குது. அப்ப வாற சீசன் நான் எதைப் பாக்கவேணும்?

வடமராட்சியான்:
முதல் சென்ரர் திரும்பி வாறாரோ, அவருக்குப் பக்கத்தில ஒரு காட்டாவது பழைய ஆளோ எண்டு பாருங்கோ, எனக்கு மற்ற மூண்டு இடத்தையும் விட அந்த ரெண்டும் முக்கியம். போன வருசம் காயத்தால ஏழு எட்டுப் பேர் மாறி மாறி நிண்டிருந்தா அதுவும் லாபம்தான், வெளியில இருக்கிறவனுக்கும் மட்ச் தெரியும். பிறகு மட்ச் பாக்கேக்க தேட் டவுன்ல (மூண்டாவது முயற்சியில) எட்டுப் பத்து யார் தேவைப்படுற நேரம் பந்தைப் பாக்காதேங்கோ, சென்ரர் ஆரைக் கை நீட்டிக் காட்டுறார் எண்டு பாருங்கோ, பந்து எழும்பினாப் பிறகு சென்ரரும் காட்டும் ஆளை எப்பிடி மாத்துகினம் எண்டு பாருங்கோ. யூரியூப்பில மெதுவாப் போட்டுப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்.