உள்ளூர் மனிதநேய உதவி அமைப்பில் தன்னார்வலராகச் சேர விரும்பும் புதியவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே உள்ளூர் உதவி அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேரலாமா என்று புதிதாக வந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். சேரலாம், சேர வேண்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் நாம் எதைக் கொடுக்க ஆசைப்படுகிறோம் என்பதை வைத்து அங்கே வேலை பிரிக்கப்படுவதில்லை, உதவி தேடி வருபவர்களுக்கு அன்றைக்கு என்ன தேவையோ அதை வைத்தே பிரிக்கப்படுகிறது என்ற தெளிவோடு போனால், பின்னால் வரும் மனக்கசப்புகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். சம்பளம் வாங்காத பணிக்கு எதற்கு அனுமதி என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவுவது ஒரு வகை. இத்தனை மணிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தக் கடப்பாட்டோடு ஊதியமின்றி வேலை செய்வது வேறு வகை. இரண்டாவது வகை, பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கல்விப் பருவத்தில் அனுமதிக்கப்படும் வாரம் 20 மணி நேர வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிடப்படும். அதே நாட்டில் அடைக்கலம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் தொண்டு நிறுவனங்களில் தன்னார்வப் பணி செய்யத் தடையில்லை. கனடாவின் குடிவரவு விதிகளோ, அந்நாட்டவரின் வேலைவாய்ப்போடு நேரடியாகப் போட்டியிடும் செயலை, ஊதியம் இல்லாவிட்டாலும் வேலை என்றே கொள்கின்றன. ஆகவே உங்கள் விசா நிபந்தனையைக் காட்டி, இந்தப் பொறுப்பை ஏற்கலாமா என்று அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பேருந்துச் செலவைத் தருவதாகச் சொன்னால் ரசீது காட்டி உண்மையான செலவை மட்டும் பெறுங்கள்; கணக்குக் கேட்காமல் மாதாமாதம் தரப்படும் ஒரே தொகை ஊதியமாகக் கருதப்படக்கூடும்.

குழந்தைகள், முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் ஆகியோருடன் பழகும் பணி என்றால் பின்னணிச் சோதனை இருக்கும். இதைத் தங்கள் மீதான சந்தேகமாக எடுத்துக்கொண்டு விலகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எல்லோருக்கும் பொதுவான, மிகவும் அவசியமான நடைமுறை. பிரிட்டனில் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சான்றுக்கும் ஜெர்மனியில் காவல் நன்னடத்தைச் சான்றுக்கும் தன்னார்வலர்களிடம் அரசுக் கட்டணம் வாங்குவதில்லை. முன்பு வாழ்ந்த நாட்டின் காவல் துறைச் சான்றையும் சில அமைப்புகள் கேட்கலாம். உங்களைப் பற்றிச் சொல்ல உறவினர் அல்லாத இருவரின் பெயரும் பொதுவாகத் தேவைப்படும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பழைய மேலதிகாரியோ, கல்லூரி ஆசிரியரோ, இங்கே உங்களுக்கு மொழி கற்றுத்தரும் ஆசிரியரோ போதும். ஆனால் மின்னஞ்சல் வரும் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பேரிடர்க் களத்தில் நின்று பணியாற்றும் கனவோடு வருபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் உணவு வங்கியின் கிடங்கில் பொருள் பிரிக்கும் வேலையாக இருக்கும். அதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். உப்பிய டின்னையும், மூடி இணையும் ஓரத்தில் நசுங்கிய டின்னையும் ஒதுக்க வேண்டும். பாதுகாப்புக்கான கடைசித் தேதியும் தரத்துக்கான தேதியும் வேறு வேறு என்பதை அறிந்து, முந்தையது கடந்த பொருளை எந்தக் காரணத்துக்காகவும் தரக் கூடாது. தேதி நெருங்கியது முன்வரிசைக்கும் தள்ளி உள்ளது பின்வரிசைக்கும் போக வேண்டும். இதில் கவனம் பிசகினால் பாதிக்கப்படுவது, மருத்துவச் செலவைத் தாங்க முடியாத ஒரு குடும்பம். வாரம் ஒரு நாள், அதுவும் இரண்டு மணி நேரம்தான் முடியும் என்றால் அதை மட்டும் ஒப்புக்கொண்டு தவறாமல் போங்கள். வாரம் முழுக்க வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த மாதமே மறைந்துபோகிறவரை விட, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருபவரையே ஒருங்கிணைப்பாளர்கள் நம்புவார்கள்.

நம்மவர்களால் மட்டுமே செய்யக்கூடிய பணி என்று ஒன்று இருக்கிறது என்றால், அது மொழி உதவி. உள்ளூர் மொழி தெரியாமல் வந்து நிற்கும் தமிழர் ஒருவருக்குத் தமிழில் பேசும் ஒருவரைப் பார்த்ததும் ஏற்படும் ஆறுதல் பெரியது. அந்த ஆறுதலாலேயே பொறுப்பும் பெரிதாகிறது. உதாரணமாக, வாடகைப் பாக்கி பற்றி அலுவலர் கேட்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் அம்மா ஐந்து நிமிடம் தன் நிலைமையைச் சொல்லிவிட்டு, நடுவில் குரலைத் தாழ்த்தி, "தம்பி, கடைசியாகச் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே" என்கிறார். சொன்னால் அவருடைய நம்பிக்கையை முறிக்கிறோம். சொல்லாவிட்டால் அலுவலரிடம் அரைகுறைச் செய்தி போகிறது. இந்தச் சங்கடத்துக்கு அந்த நேரத்தில் தீர்வு கிடையாது. முன்பே தவிர்ப்பதுதான் வழி. உரையாடல் தொடங்கும் முன், "அம்மா, இந்த அறையில் நீங்கள் சொல்வது எல்லாவற்றையும் நான் அப்படியே அவருக்குச் சொல்வேன், அவர் சொல்வதையும் உங்களுக்கு அப்படியே சொல்வேன், வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று இரு தரப்புக்கும் கேட்கும்படி அறிவித்துவிட வேண்டும். அவர் "நான்" என்றால் நீங்களும் "நான்" என்றே சொல்லுங்கள்; சுருக்கவோ, மெருகேற்றவோ, உங்கள் யோசனையைச் சேர்க்கவோ வேண்டாம். மருத்துவ முடிவு, நீதிமன்றம், அடைக்கல விசாரணை போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கித் தருவதே நீங்கள் செய்யும் உதவி. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்க அனுமதிக்கவே கூடாது.

"வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற அந்த வாக்கு நம்மிடையே கடினமானது, ஏனென்றால் ஒரு நகரத்தில் உள்ள தமிழர்கள் ஒருவரையொருவர் ஏதோ ஒரு வகையில் அறிந்திருப்பார்கள். உணவுப் பை வாங்க வந்தவரை அடுத்த வாரம் ஒரு திருமண வீட்டில் பார்ப்பீர்கள். அவர் முதலில் பேசாவிட்டால், அமைப்பில் சந்தித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். வீட்டில்கூடப் பெயர் சொல்ல வேண்டாம். உதவி பெறுபவரின் முகம் தெரியும் படத்தைப் பகிரவும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தால், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி அந்தக் கோப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கம் 1965இல் வியன்னாவில் ஏற்ற ஏழு அடிப்படைக் கொள்கைகளில் பாரபட்சமின்மையும் நடுநிலையும் உண்டு. முன்னது, யாருடைய தேவை அதிகம் என்பதை மட்டுமே பார்க்கச் சொல்கிறது. பின்னது, அரசியல், இனம், மதம் சார்ந்த சர்ச்சைகளில் பக்கம் சேராமல் இருக்கச் சொல்கிறது. போரின் வடுவைச் சுமந்து வந்தவர்களுக்கு இரண்டாவது எளிதல்ல என்பதை நான் உணர்கிறேன். உங்கள் கருத்தை நீங்கள் கைவிட வேண்டியதில்லை; அமைப்பின் சீருடையும் அடையாள அட்டையும் உடலில் இருக்கும் நேரத்தில் அதைப் பேசாதிருந்தால் போதும். எல்லாத் தரப்பினரும் அஞ்சாமல் அந்தக் கதவைத் தட்ட அதுவே வழி.

துயரத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குபவர்கள், உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளி அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டைப் படியுங்கள். பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை என்பதே அதன் சாரம். நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது. உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணையோ பணத்தையோ கொடுப்பதும் வேண்டாம்.

உறவினரைத் தொலைத்த குடும்பங்கள் உங்களிடம் வழி கேட்டால், அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். சேவை இலவசம், விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மட்டும் நீங்கள் உறுதி கூறக் கூடாது.

வேலை கிடைத்தோ, ஊர் மாறியோ விலக நேர்ந்தால் சில வாரங்களுக்கு முன்பே சொல்லி, உங்கள் முறைக்கு இன்னொருவரைப் பழக்கிவிட்டு, அடையாள அட்டையையும் சாவியையும் திருப்பிக் கொடுங்கள். பணிச் சான்றுக் கடிதத்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். உங்களை அறிந்த ஒருங்கிணைப்பாளர் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது.