புதுப்பிப்பு: பீர்க்கங்கொடி காய்த்துவிட்டது

பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) பீர்க்கங்கொடி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டது. பீர்க்கம்பூ விரிவது சாயங்காலம். நான் காலையில் போய் மகரந்தம் சேர்க்கும் வண்டைத் தேடியிருக்கிறேன்!

இப்போது ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. கொத்தாக வருவது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு தனியாக நிற்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுகிறார்கள். சின்னவள் மூக்கெல்லாம் மஞ்சள். பெரியவன் கணக்குப்படி தடவியது 11, நின்றது 6.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) சொன்னபடி வேரடியில் தேங்காய் மட்டையைப் பரப்பினேன்; அக்னி நட்சத்திரத்திலும் ஈரம் நிற்கிறது.

நேற்று முதல் காயைத் துவையல் அரைத்தேன். சின்னவள் தொடவில்லை. அவள் காயைக் கேட்காமல் வெட்டிவிட்டேனாம்.